இரண்டாவது சங்குக்கு முன்

செப்டம்பர் 4, திங்கள்

இன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. இந்த வரியை நானே எழுதினேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

இந்த நோட்டைக் கொடுத்தவர் புனிதா டீச்சர். தினமும் ஒரு வரியாவது எழுத வேண்டுமாம். இரண்டு வரி எழுதினால் அபராதம் உண்டா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

என் பெயர் சென்னியப்பன். எழுபத்து மூன்று வயது. முப்பத்தொரு வருஷம் மில்லில் ப்ளோ ரூமில் வேலை பார்த்தேன். பஞ்சுப் பொதியைப் பிரித்து மெஷினில் போடுகிற இடம் அது. மில்லை மூடிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. என் சம்சாரம் ராமாத்தாள் போய் ஆறு வருஷம். மகள் சுகந்தியோடு இருக்கிறேன். போன ஜனவரியில்தான் மாநகராட்சிப் பள்ளியில் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

இந்த வயதில் எதற்குப் படிப்பு என்று முதல் நாள் டீச்சர் கேட்டார். பஸ் போர்டு படிக்க என்றேன். பக்கத்து பெஞ்சு பாப்பாத்தி விடவில்லை. "ஏனுங், பஸ்ஸு நின்னா ஏறிக்கறது. இதுக்குப் போயி ஒரு படிப்பாங்?" என்றாள். அவளும் எங்கள் மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங்கில் இருந்தவள்தான். அவள் எதற்குப் படிக்கிறாள் தெரியுமா? மருமகள் செல்போனில் அவளைப் பற்றி யாருக்கு என்ன எழுதுகிறாள் என்று பார்க்க.

இதை எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கை வலிக்கிறது. நல்ல வலி.

செப்டம்பர் 7, வியாழன்

டீச்சர் கொடுத்த அணில் கதையை ஐந்தாவது முறையாகப் படித்தேன். அணில் பழம் தின்றது. ஐந்து முறையும் தின்றது.

சுகந்தி பார்த்துச் சிரித்தாள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை அவளுக்கு. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள். தன்னுடைய பழைய லேப்டாப்பை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு பட்டனிலும் வெள்ளைத் தாளில் தமிழ் எழுத்து எழுதி ஒட்டியிருந்தது.

"என்னம்முணி இது?"

"விளையாட்டுப்பா. நான் செஞ்சது. படம் கெடையாது, பாட்டு கெடையாது. வெறும் எழுத்துத்தான். அது சொல்றதப் படிச்சுட்டு, நீங்க என்ன பண்றீங்கன்னு தட்டோணும். போ, எடு, குடு, பாரு, கேளு, இப்புடி."

"முடிச்சுட்டா?"

"படிச்சுப் பாருங்க, சும்மா" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டாள்.

விளையாட்டின் பெயர் 'இரண்டாவது சங்கு'. முதல் பக்கத்தைப் பார்த்து அப்படியே இங்கே எழுதுகிறேன்:

'பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுகிறது. மில் கேட்டுக்கு முன்னால் நிற்கிறாய். உனக்கு ஒன்பது வயது. உன் கையில் மூன்று அடுக்குக் கேரியர். அடியில் சோறு, நடுவில் பருப்பு, மேலே கத்தரிக்காய்ப் பொரியல். தார் ரோடு சுடுகிறது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறாய். இரண்டாவது சங்கு ஊதுவதற்குள் இதை அப்பாவிடம் சேர்க்க வேண்டும். என்ன செய்கிறாய்?'

படித்து முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது. கடைசி வரி வந்ததும் திடுக்கிட்டுவிட்டேன். அணில் ஒரு நாளும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. பதில் சொல்லாவிட்டால் மரியாதையில்லை என்று, எழுத்தாகத் தேடி 'வணக்கம்' என்று தட்டினேன்.

'அந்தச் சொல் எனக்குத் தெரியாது' என்றது.

வணக்கம் தெரியாதாம்! ஆனாலும் என்ன எழுத்து! ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறாய். அந்த வரியைப் படித்தபோது என் உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். மில்லில் பன்னிரண்டுக்கு ஒரு சங்கு, பன்னிரண்டரைக்கு ஒரு சங்கு. நடுவில் அரை மணி நேரம் சாப்பாடு. அந்த அரை மணியை இவள் பெட்டிக்குள் பிடித்து வைத்திருக்கிறாள்.

அந்தச் சிறுமி யார் என்று எனக்குத் தெரியும். அந்த அப்பா யார் என்றும் தெரியும். சுகந்தியிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

'தயவுசெய்து கேட்டைத் திறந்து விடுங்கள் ஐயா' என்று தட்டினேன். அந்தச் சொல் எனக்குத் தெரியாது.

சுகந்தி எட்டிப் பார்த்தாள். "அப்பா, அது மெஷினு. அதுக்குப் போயி ஐயா போடறீங்களே?"

"அதுல வாட்ச்மேன் நிக்கறாரே. பெரியவரல்ல?"

வாட்ச்மேன் பிச்சைமுத்து நிஜமாகவே நின்றார். டிரான்சிஸ்டரைக் காதோடு அணைத்துக்கொண்டு, மீசையைத் தடவிக்கொண்டு. 'வாட்ச்மேனைப் பார்' என்று தட்டினால், 'அவர் மீசையின் இடது பக்கம் வலது பக்கத்தைவிட நீளம். அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் தடவுவார்' என்று வருகிறது. முப்பத்தொரு வருஷம் தினமும் பார்த்த ஆள். எனக்கு இது தெரியாமல் போயிற்றே. ஒன்பது வயதில் கேரியரோடு நின்றுகொண்டு இவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

கேரியரை அவரிடம் கொடுக்கலாம். கொடுத்தால், 'வெச்சுட்டுப் போ, பாப்பா. உங்கப்பன் வந்து எடுத்துக்குவான்' என்கிறார். அத்தோடு விளையாட்டு முடிந்துவிடுகிறது. 'நீ கேரியரைக் கொடுத்தாய். அப்பாவைப் பார்க்கவில்லை' என்கிறது. மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

கண்ணுக்கு மருந்து விட்டேன். படிக்கவில்லை. மிளகாய் காயவைத்தேன்.

செப்டம்பர் 13, புதன்

உள்ளே போய்விட்டேன்! நான்கு நாளாயிற்று. கேட்டிலேயே பொறுமையாக நின்றால், கேன்டீனுக்கு வாழையிலைக் கட்டு ஏற்றிக்கொண்டு ஒரு கைவண்டி வருகிறது. 'வண்டிக்குப் பின்னால் போ' என்று தட்ட வேண்டும். 'இலைகளின் பச்சை வாசனைக்குள் குனிந்து நடக்கிறாய். பிச்சைமுத்துவின் டிரான்சிஸ்டர் உன் தலைக்கு மேலே பாடிக்கொண்டு போகிறது' என்றது. கைதட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தது.

வகுப்பில் போய்ச் சொன்னேன். பாப்பாத்திக்குப் பொறுக்கவில்லை.

"உங்க புள்ள எழுதுனதாங்? அந்த மீசையக் கூடவா எழுதியிருக்குது?"

"எடது பக்கம் நீளமாம்."

"ஆமாங்! நெசந்தானுங்!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டீச்சர் எங்கள் இருவரையும் பிரித்து உட்காரவைத்தார். எழுபது வயதில் இந்தத் தண்டனை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 14, வியாழன்

கேன்டீன். இதுவரை படித்ததிலேயே இதுதான் உச்சம். நீளமாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் படித்தேன். இருநூறு பேர் சாப்பிடுகிற சத்தம், தகர டம்ளர் உருள்வது, எல்லார் தலையிலும் பஞ்சுத் தூசி. 'எல்லாரும் ஒரே நாளில் கிழவர்கள் ஆகிவிட்டதைப் போல' என்று எழுதியிருக்கிறாள்.

ஒவ்வொரு பெஞ்சாகப் போய் 'அப்பாவைக் கேள்' என்று தட்டினேன். மூன்று பேர் தெரியாது என்றார்கள். நான்காவது ஆள் சிரிக்கிறார். 'உங்கப்பனா? அவன் இங்க எந்தக் காலத்துல சாப்புட்டான்? அவனுக்குச் சோறு வேற பக்கமாச்சே' என்கிறார். பெஞ்சு முழுக்கச் சிரிக்கிறது. 'அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று உனக்குத் தெரியவில்லை. நீயும் கொஞ்சம் சிரிக்கிறாய்' என்று வருகிறது.

மூடி வைத்துவிட்டேன். இட்லி மாவு அரைக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 17, ஞாயிறு

கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். கேன்டீனுக்கு வடக்கே போனால், 'இது ஓர் அறை. வடக்கே வழி இருக்கிறது' என்று மட்டும் தெரிகிறது. அதற்கு வடக்கே, 'இது இன்னொரு அறை.' மீசையின் நீளத்தை எழுதியவள் இப்படியா எழுதுவாள்? மிச்சம் எழுத்து அங்கேதான் இருக்கும். எனக்குத்தான் படிக்க வரவில்லை. லேப்டாப்பைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். ஏதேதோ தட்டிப் பார்த்தேன். அந்தச் சொல் எனக்குத் தெரியாது, தெரியாது, தெரியாது.

செப்டம்பர் 18, திங்கள்

கண் டாக்டரிடம் போனேன். எல்லா எழுத்தையும் காட்டினார். கடைசி வரி வரை படித்தேன். போன வருஷம் இதே டாக்டர் எனக்குப் படம் போட்ட அட்டையைக் காட்டினார். இன்று எழுத்து அட்டை. "கண்ணு நல்லா இருக்குதுங்க பெரியவரே" என்றார். அந்த அட்டையை இன்னொரு முறை படிக்கட்டுமா என்று கேட்டேன்.

சாயங்காலம் சுகந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"உங்க கண்ணுல ஒண்ணுமில்லீங்ப்பா. அங்க நான் எழுதவேயில்ல."

"ஏன் கண்ணு? இத்தன நல்லா ஆரம்பிச்சு வெச்சிருக்கற. பாதிச் சுவர் கட்டுன வீடாட்டம் விட்டா எப்புடி?"

"நான் பாத்த வரைக்கும் எழுதுனேன். கேட்டு பாத்தேன். ஒரு நாளு உள்ள பூந்து கேன்டீன் பாத்தேன். அதுக்கு அக்கட்ட என்ன இருந்துச்சுன்னு எனக்கெப்புடித் தெரியும்?"

"கதைதானே? எதாச்சும் எழுதறது."

"எழுதிப் பாத்தேன். ரெண்டு வருஷமா. பொய்யா வருது." பீன்ஸை மறுபடி கையில் எடுத்தாள். "அந்த அப்பா எங்க இருந்தாருன்னு தெரியாம எப்புடி முடிக்கறது? உங்களுக்குத் தெரியுமல்ல."

மோட்டார் போட மறந்துவிட்டது ஞாபகம் வந்து எழுந்து போனேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

வகுப்பு முடிந்து பாப்பாத்தி கூடவே நடந்து வந்தாள். கேன்டீனில் அந்த ஆள் சிரித்ததைச் சொன்னேன். அவள் நடையைக் குறைத்தாள்.

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாதுங். அப்ப ரீலிங்ல எல்லாம் பேசிக்குவாங்க. ப்ளோ ரூம் சென்னியப்பண்ணன் மத்தியானமானா கேரியரத் தூக்கிட்டு எவளையோ பாக்கப் போறாருன்னு. நாலஞ்சு பேரு மேல சந்தேகம். என்ர மேலயுங்கூட."

"உன்ர மேலயா?"

"ஏனுங், அப்ப நானும் பாக்கறதுக்கு லட்சணமாத்தான் இருந்தேன்" என்று முறைத்தாள். பிறகு மெதுவாக, "ராமாத்தாக்கா ஒரு நாளு என்ர வாசல்ல வந்து நின்னுட்டு, ஒண்ணுமே பேசாமத் திரும்பிப் போனாங்க. நான் சத்தியம் பண்ணலாம்னு வாயெடுத்தேன். கேக்கவேயில்லையே, யாருகிட்டப் பண்றது?" என்றாள்.

எனக்கு இது தெரியாது. முப்பத்தைந்து வருஷம் கழித்துத் தெரிகிறது.

செப்டம்பர் 20, புதன்

ராமாத்தாள் படத்துக்குப் பூ வாங்கினேன். சாமந்தி.

செப்டம்பர் 21, வியாழன்

சுகந்தியிடம், "அந்த ரூம நான் எழுதட்டா?" என்று கேட்டேன். எந்த ரூம் என்று அவள் கேட்கவில்லை. "எழுதுங்க" என்றாள். எனக்கு இரண்டு தாளும், அவளுக்கு ஒரு டீயும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

நான் எழுதியது:

'இது ப்ளோ ரூம். மில்லில் பஞ்சு முதலில் வருகிற இடம். உள்ளே பனி பெய்வதுபோல் பஞ்சு பறக்கிறது. சத்தத்தில் நீ கூப்பிடுவது உனக்கே கேட்காது. இங்கே எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். இரண்டு விரலை உதட்டில் வைத்தால் பீடி. உள்ளங்கையைக் குவித்தால் சோறு. இப்போது மெஷின் நிற்கிறது. ஆள் இல்லை. அப்பாவின் துண்டு ஆணியில் தொங்குகிறது. வடக்கே ஒரு சின்னக் கதவு. தகரம்.'

அதைச் சுகந்தி கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கேட்டிலிருந்து தொடங்கி, வாழையிலை வண்டிக்குப் பின்னால் குனிந்து, கேன்டீனைத் தாண்டி, 'வடக்கே போ' என்று தட்டினேன்.

'இது ப்ளோ ரூம்' என்றது.

என் எழுத்து! நான் எழுதியதை எனக்கே அது சொல்கிறது! மூன்று முறை கேன்டீனுக்குத் திரும்பிப் போய் மூன்று முறை உள்ளே வந்தேன். மூன்று முறையும் தவறாமல் சொன்னது. சுகந்தி உள்ளங்கையைக் குவித்து எனக்குக் காட்டினாள். சாப்பிட வரச் சொல்கிறாள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

இரண்டாவது அறையையும் எழுதிவிட்டேன். கழிவுப் பஞ்சு கொட்டகை. 'இங்கே விழுந்தால் அடிபடாது' என்று எழுதினேன். சுகந்திக்கு அது பிடித்திருந்தது. 'குதி' என்ற சொல்லை அவளாகவே சேர்த்தாள். குதித்தேன். 'பஞ்சு உன்னைத் தூக்கிப் போடுகிறது' என்றது. எழுபத்து மூன்று வயதில் எட்டுத் தடவை குதித்தேன்.

அப்புறம் அவள் ஒன்று காட்டினாள். நாம் தட்டுவதையெல்லாம் இந்த விளையாட்டு ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுமாம். எங்கே ஆளுக்குச் சிரமம் என்று செய்தவருக்குத் தெரிய வேண்டுமல்லவா, அதற்காக. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒழுங்காக இருந்திருப்பேன்.

படித்துப் படித்துச் சிரித்தாள். "வணக்கம். ஐயா வணக்கம். சாப்புட்டீங்களா பிச்சைமுத்து. அய்யோ அப்பா, வாட்ச்மேனுக்குப் பருப்பு குடுன்னு தட்டியிருக்கீங்க!"

"பாவம், நின்னுட்டே இருக்கறாரு."

அவள் விரல் கீழே போயிற்று. சிரிப்பு நின்றது. எனக்கு என்னவென்று தெரியும். பதினேழாம் தேதி, அந்தக் காலி அறையில் நின்று தட்டியது. ஒன்றின் கீழ் ஒன்றாகப் பதினொரு முறை.

மன்னிப்பு கேள்.
மன்னிப்பு கேள்.

ஒவ்வொன்றுக்கும் கீழே, அந்தச் சொல் எனக்குத் தெரியாது.

சுகந்தி லேப்டாப்பை மெதுவாக மூடினாள். "அடுத்த ரூமு எப்பங்ப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பர் 25, திங்கள்

எழுதவில்லை.

செப்டம்பர் 26, செவ்வாய்

எழுதவில்லை. ரேஷனில் துவரம்பருப்பு போட்டார்கள்.

செப்டம்பர் 28, வியாழன்

டீச்சர் நோட்டைப் பார்த்து, "எழுதவில்லைன்னு எழுதியிருக்கீங்களே, அதுவும் எழுதுனதுதான்" என்றார். நல்ல டீச்சர்.

செப்டம்பர் 30, சனி

காலையில் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை எழுதினேன். அறைக்கு எழுதுவதற்கு முன் முதலில் இந்த நோட்டில் எழுதிப் பார்க்கிறேன். இங்கே தப்பு வந்தால் அடித்துவிடலாம்.

ராக்கியப்பண்ணன் எனக்கு மூத்தவர். ப்ளோ ரூமில் எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். ஒரு நாள் குடோனில் பஞ்சு தீப்பிடித்தது. பெரிய சேதம் இல்லை. அடுத்த வாரம் மேஸ்திரி ஒரு தாளைக் கொண்டுவந்து, கேன்டீனில் சோறு சரியில்லை என்று மனு, எல்லாரும் கை வையுங்கள் என்றார். எழுத்து தெரிந்தவர்களிடம் அவர் நீட்டவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எட்டுப் பேர் கட்டை விரலை உருட்டினோம். மை பிசுபிசுவென்று இருந்தது. தலையில் துடைத்துக்கொண்டேன்.

விசாரணையில் அதைப் படித்தார்கள். குடோனில் ராக்கியப்பன் பீடி பிடித்ததைக் கண்ணால் கண்டோம், இப்படிக்கு எட்டுப் பேர். பெயரைப் படிக்கவில்லை. அவர் பீடியே பிடிக்காதவர். அன்றே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

நான் எழுந்து, அது என் கை, ஆனால் அது என் பேச்சு இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் வெளியே. சுகந்திக்கு ஒன்பது வயது. இது காரணம் என்றுதான் இத்தனை நாள் எனக்குச் சொல்லிக்கொண்டேன். காரணம் அது மட்டும் இல்லை. பயம்.

அவர் கேஸ் போட்டார். இரண்டு வருஷம் நடந்தது. தினமும் மத்தியானம், கழிவுப் பஞ்சு லாரி போகிற பின் கேட்டுக்கு வெளியே வந்து உட்காருவார். வேறு போக்கிடம் இல்லை. அவர் வீட்டில் காலையில் மட்டும்தான் அடுப்பு எரிந்தது. நான் கேரியரை எடுத்துக்கொண்டு போவேன். கேட்டுக்குக் கீழே ஒரு சாண் சந்து. அதன் வழியாக ஒவ்வொரு அடுக்காகத் தள்ளுவேன். நீ சாப்பிடு என்பார். டீக்கடையில் தின்றுவிட்டேன் என்பேன். ஒவ்வொரு நாளும் பொய். ஒவ்வொரு நாளும் அவர் விரலை நக்கிக்கொண்டே, "எந்த எட்டுப் பேருன்னு தெரியலையேப்பா, சென்னி. தெரிஞ்சா ஒண்ணும் பண்ண மாட்டேன். ஏன்னு மட்டும் கேப்பேன்" என்பார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நடுவில் இரும்புக் கேட்டு.

கேஸ் தோற்றது. திருப்பூருக்குப் போனார். அங்கேயே செத்தும் போனார் என்று ரொம்ப நாள் கழித்துக் கேள்விப்பட்டேன்.

ராமாத்தாள் கேட்டாள். "கேரியர் வழிச்ச மாதிரிக் காலியா வருது. ஆளு எலும்பாட்டம் ஆயிட்டே வாரீங்க. எங்கீங்க போறீங்க மத்தியானத்துல?" சொன்னால் கைநாட்டையும் சொல்ல வேண்டும். சோற்றைச் சொன்னால் கையைச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. கோபப்பட்டுக் கத்தினேன். அவள் பிறகு கேட்கவில்லை. சாகும் வரைக்கும் கேட்கவில்லை.

நான் படிக்க வந்தது பஸ் போர்டுக்காக அல்ல.

அக்டோபர் 1, ஞாயிறு

அறையை எழுதி முடித்தேன்.

'இது பின் கேட். இரும்பு. கீழே ஒரு சாண் சந்து. அப்பா தரையில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டுக்கு அந்தப் பக்கம் ராக்கியப்பன் என்று ஒருவர் சாப்பிடுகிறார். அது உன் அம்மா சமைத்த சோறு. அப்பா சாப்பிடவில்லை. அவர் ஒரு தாளில் தெரியாமல் கை வைத்தார். பிறகு தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அதனால் இவருக்கு வேலை போயிற்று. இவருக்கு அது தெரியாது. அப்பா வேறு எங்கும் போகவில்லை. இரண்டு வருஷமும் இங்கேதான் இருந்தார்.'

தாளைச் சுகந்தியிடம் கொடுத்துவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனேன். நான்கு சட்டையைக் காயப்போட எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட அதிக நேரம் காயப்போட்டேன்.

அவள் மேலே வந்தாள். கையில் தாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா, அன்னிக்கு நான்தான் கேன்டீன்ல இருந்து வீட்டுக்குப் போயி அம்மாகிட்டச் சொன்னேன். அப்பா அங்க இல்ல, சோறு வேற பக்கமாம், எல்லாரும் சிரிச்சாங்கன்னு. சிரிப்பா இருக்கும்னு நெனச்சுச் சொன்னேன். அம்மா சிரிக்கல. அதுக்கப்பறம் வீட்டுல யாருமே சிரிக்கல. நான் சொல்லாம இருந்திருந்தா..."

ராமாத்தாளுக்கு யாரோ மூட்டிவிட்டார்கள் என்று நான் பாதி மில்லைச் சந்தேகப்பட்டேன். ஒன்பது வயதுக் குழந்தையை நினைக்கவே இல்லை. அவள் அதைச் சுமந்துகொண்டு, பெட்டிக்குள் மில் கட்டி, வாசலில் கேரியரோடு நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

"நீ பாத்ததச் சொன்ன, கண்ணு. நாந்தான் பாத்ததையும் சொல்லல, பண்ணுனதையும் சொல்லல" என்றேன்.

ஈரத் துண்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். அவள் மூக்கை உறிஞ்சினாள். "அம்மாகிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா, திட்டித் தீத்திருப்பாங்க. திட்டிட்டு, அடுத்த நாளு இன்னொரு அடுக்கு சேத்துக் குடுத்திருப்பாங்களேப்பா" என்றாள்.

ஆமாம். அப்படித்தான் செய்திருப்பாள்.

அக்டோபர் 4, புதன்

மழை. வகுப்பில் வருகைப் பதிவேட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நான் போடுவதற்கு முன் மேலே எழுதியிருந்ததை முழுக்கப் படித்தேன். 'மாலை வகுப்பு வருகைப் பதிவேடு, அக்டோபர்.' டீச்சர் பொறுமையாக நின்றார். பாப்பாத்தி, "சொத்தா எழுதிக் குடுக்கறீங்க, சீக்கிரமாங்" என்றாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "என்ர பேரு காப்பாத்துனீங்க, போங்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

விளையாட்டு முடிந்துவிட்டது என்று சுகந்தி சொன்னாள். ஒரு வாரம் அதிலேயே உட்கார்ந்திருந்தாள். காலையில் டீ குடித்துவிட்டுத் தொடங்கினேன்.

சொல்ல வேண்டும், எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாள்! ப்ளோ ரூமில் என் துண்டை எடுத்தால் பஞ்சு உதிர்கிறது. தகரக் கதவு கிறீச்சிடுகிறது. பின் கேட்டுக்கு வந்தேன். என் எழுத்தில் ஒரு சொல்லையும் அவள் மாற்றவில்லை. கடைசியில், என்ன செய்கிறாய் என்று கேட்டது.

மன்னிப்பு கேள் என்று தட்டினேன்.

'யாரிடம்?' என்றது.

தெரியாது என்று சொல்லவில்லை. யாரிடம் என்று கேட்கிறது. ராக்கியப்பனிடம் என்று தட்டினேன். ற வந்துவிட்டது. அழித்துவிட்டு ர போட்டேன். அவர் பெயரை நான் எழுதிய முதல் நாளில் இந்தத் தப்பு வரவில்லை. இன்று வந்தது.

'அவர் கை கழுவிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறார். ஏன் என்று கேட்கிறார்' என்றது.

அவ்வளவுதான். மன்னித்தார் என்று சுகந்தி எழுதவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் தெரிந்ததை மட்டும் எழுதுகிறவள். நான் பதில் தட்டினேன். அது நீளம், இங்கே எழுதவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

பிறகு இரண்டாவது சங்கு ஊதியது. 'கேரியர் அப்பாவிடம் சேர்ந்தது. மறுபடி தொடங்கவா?' என்றது. சுகந்தி சமையலறையில் கரண்டியை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நிற்பது தெரிந்தது.

ஆம் என்று தட்டினேன்.

பன்னிரண்டு மணிச் சங்கு. மில் கேட். ஒன்பது வயது. மனப்பாடமாகத் தெரிந்த பக்கம்தான். ஆனாலும் எழுத்துக் கூட்டியே படித்தேன். படித்துக்கொண்டே வந்தவன் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விரலை வைத்து, மூன்று முறை படித்தேன். என் கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

'உன் கையில் நான்கு அடுக்குக் கேரியர்.'